அல் ஐன் வெயிலில் தொட்டிச் செடி பூக்குமா? தாப்பாவிலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான். மலேசியாவில் தாப்பா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு அக்கா கேட்டிருக்கிறார். அவருடைய மகள் கல்யாணமாகி அரபு நாட்டில் அல் ஐன் நகரில் இருக்கிறாள். தைப்பூச சமயத்தில் அவள் வீட்டு பால்கனியில் பெட்டூனியா, சாமந்தி, செம்பருத்தி எல்லாம் பூத்துக் குலுங்கினவாம். ஜூன் பிறந்ததும் வரிசையாகக் கருகிப்போயின. மல்லிகை மட்டும் பச்சையாக நிற்கிறது, ஆனால் மொட்டு வைக்கவில்லை. "காலையிலயும் சாயங்காலமும் தவறாம தண்ணி ஊத்துறா. நம்ம லயத்துல அம்மா மைலோ டின்னுல நட்டு வெச்ச செடியெல்லாம் ஒரு கவனிப்பும் இல்லாம வருஷம் பூரா பூத்துச்சே. அங்க மட்டும் ஏன் இப்படி? வெயில் காலத்துல பூக்க வைக்க வழி இருக்கா?"

வழி இருக்கிறது, அக்கா. ஆனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் போதாமல் அந்தச் செடிகள் சாகவில்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால், தொட்டிக்குள் வேர் சூட்டில் அவிந்திருக்கிறது. அவிந்த வேருக்கு மேலும் மேலும் தண்ணீர் போயிருக்கிறது. பாலைவனக் கோடையில் தொட்டிச் செடி வளர்ப்பதில் முக்கால்வாசி வேலை, வேரைச் சூட்டிலிருந்து காப்பாற்றுவதுதான். மீதி, அந்த வெயிலுக்குப் பொருத்தமான செடியைத் தேர்ந்தெடுப்பது. நான் இங்கே செம்பனை நர்சரியில் வேலை கற்றவன். அப்புறம் சில வருஷம் அல் ஐனிலேயே பூங்காக்களுக்குச் செடி வளர்த்துக் கொடுக்கும் ஒரு நர்சரியில் இருந்தேன். இரண்டு ஊர் வெயிலும் தெரியும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மகளுக்கு அப்படியே அனுப்பி வையுங்கள்.

நம் ஊரில் பகல் வெப்பம் 32, 33 டிகிரி. ராத்திரி 23, 24க்கு இறங்கிவிடும். மலேசியாவில் பதிவான உச்ச வெப்பமே பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் தேதி அடித்த 40.1 டிகிரிதான். அல் ஐனில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை அது சாதாரண நாள். மதியம் 43, 44 என்று சர்வ சாதாரணமாகப் போகும். பத்து டிகிரிதானே கூடுதல் என்று தோன்றலாம். செடிக்கு அந்தப் பத்து டிகிரியைவிடப் பெரிய கஷ்டம் காற்றின் வறட்சி. 33 டிகிரியில் 65 சதவீத ஈரப்பதம் உள்ள நம் ஊர்க் காற்றையும், 43 டிகிரியில் 15 சதவீத ஈரப்பதம் உள்ள பாலைவனக் காற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தால், இலையிலிருந்து ஈரத்தை இழுக்கும் சக்தி அங்கே ஏறக்குறைய நான்கு மடங்கு வருகிறது. அதே செம்பருத்தி, அதே அளவு இலை. ஆனால் வேர் நான்கு மடங்கு தண்ணீரை மேலே அனுப்ப வேண்டியிருக்கிறது.

எந்த வேராலும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. அதனால் மதியம் ஆனதும் செடி தன் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். மூடினால் தண்ணீர் மிச்சம், ஆனால் இலை குளிர வழியில்லை. அப்போதுதான் இலை துவண்டு தொங்கும். இந்த நேரத்தில் தொட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்தால் ஈரமாகத்தான் இருக்கும். பார்க்கிறவருக்கு மனசு கேட்காது, ஒரு சொம்பு ஊற்றிவிடுவார். சூடான மண்ணில் தேங்கும் தண்ணீரில் பிராணவாயு குறைவு. ஆனால் சூட்டில் வேருக்கு மூச்சு அதிகம் தேவைப்படும். இரண்டும் சேர்ந்து வேர் மூச்சுத் திணறி அழுகிப்போகும். மறுநாள் செடி இன்னும் துவளும், இன்னும் தண்ணீர் போகும். உங்கள் மகள் பால்கனியில் நடந்தது பெரும்பாலும் இதுதான். மதியம் துவண்ட செடி சூரியன் இறங்கியதும் தானாக நிமிர்ந்தால் அதற்குத் தண்ணீர் வேண்டாம். விடியற்காலையிலும் துவண்டே கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ராத்திரிச் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே கோடை இரவுகள் 30 டிகிரிக்குக் கீழே இறங்கப் பிடிவாதம் பிடிக்கும். பகலில் இலை தயாரித்த சர்க்கரையைச் செடி ராத்திரியில் செலவழிக்கும். இரவு எவ்வளவு சூடோ அவ்வளவு செலவு. மிச்சம் இருந்தால்தான் மொட்டுக்குப் போகும். அதனால் கோடையில் பூ சிறுத்தும் குறைந்தும் இருப்பது நோய் இல்லை. பிப்ரவரியில் இருந்த அளவுக்கு ஜூலையிலும் பூக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது அம்மாவின் மைலோ டின்னுக்கு வருகிறேன். லயத்து வாசற்படியில் அந்த டின்கள் எங்கே இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். தகரக் கூரையின் தாழ்வாரத்து ஓரம். காலை வெயில் படும், பதினொரு மணிக்கு மேல் கூரை நிழல். மதியம் மூன்று மணிக்கு மேகம் கூடும், பாதி நாள் மழை. அடியில் ஆணியால் ஓட்டை போட்டிருப்பார்கள், அதனால் தண்ணீர் தேங்காது. அரிசி கழுவிய தண்ணீரும் தேயிலைச் சக்கையும் அதில்தான் விழும். இத்தனையும் அமைந்திருந்ததால்தான் கவனிக்காதது போலத் தெரிந்தது. அதே டின்னை அல் ஐன் பால்கனியில் மேற்கு வெயிலில் வைத்தால் அடுப்பில் ஏற்றிய சட்டி மாதிரிதான். பெரும்பாலான செடிகளுக்கு வேர் மண்டலம் 35 டிகிரியைத் தாண்டினாலே வளர்ச்சி தடுமாறும். 40க்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் வேர்நுனிகள் சாக ஆரம்பிக்கும். வெயில் நேராக அடிக்கும் கருப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் உட்பக்க மண் 50 டிகிரியைத் தாண்டக்கூடியது. செத்த செடியைத் தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள் என்று மகளிடம் சொல்லுங்கள். மேற்குப் பக்கத்து வேர் பழுப்பாக, தொட்டால் தோல் உரிந்து வரும்படி இருக்கும். நிழல் பக்கத்து வேர் மட்டும் வெள்ளையாக இருக்கும். அப்படி இருந்தால் காரணம் சூடுதான், சந்தேகமே வேண்டாம்.

ஆகவே செடியை மாற்றுவதற்கு முன் தொட்டியை மாற்றச் சொல்லுங்கள். சின்னத் தொட்டி வரிசை கோடைக்கு ஆகாது. 14 அங்குலத்துக்குக் குறையாத தொட்டி, வெள்ளை அல்லது வெளிர் நிறம். மண் அதிகம் இருந்தால் சூடு மெதுவாக ஏறும், ஈரமும் நிற்கும். நாலு சின்னத் தொட்டியில் இருப்பதை ஒரே பெரிய தொட்டியில் சேர்த்து நடுவது எவ்வளவோ மேல். சுட்ட மண் தொட்டி நல்லதா என்று கேட்பார்கள். அதன் சுவர் வழியாக ஈரம் கசிந்து ஆவியாவதால் மண் குளிர்ச்சியாக இருக்கும், உண்மைதான். ஆனால் அல் ஐன் காற்றில் அது வெகு சீக்கிரம் காய்ந்தும் போகும். வீட்டிலேயே ஆள் இருந்து பார்த்துக்கொள்ள முடிந்தால் மண் தொட்டி, வேலைக்குப் போகிறவர்களுக்கு வெள்ளைப் பிளாஸ்டிக்.

எனக்கு மிகவும் பிடித்த வழி தொட்டிக்குள் தொட்டி. செடி இருக்கும் தொட்டியை அதைவிட நாலு அங்குலம் அகலமான இன்னொரு தொட்டிக்குள் இறக்கி, நடுவில் உள்ள சந்தில் தென்னை நாரை நனைத்துத் திணித்துவிட வேண்டும். வெயில் வெளித்தொட்டியில்தான் அடிக்கும், உள்ளே உள்ள வேர்ச் சுவருக்குப் போகாது. வெளித்தொட்டிக்கும் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். நாரை நாளுக்கு ஒரு தடவை நனைத்தால் போதும். ஜூலை மதியம் இப்படி வைத்த தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். தனியாக நிற்கும் தொட்டி மண்ணில் விரலை வைத்திருக்கவே முடியாது.

வைக்கும் இடமும் முக்கியம். பால்கனி கிழக்கு பார்த்ததாக இருந்தால் அதிர்ஷ்டம். காலை மூன்று நான்கு மணி நேர வெயில் பூப்பதற்குப் போதும். மேற்கு பார்த்ததாக இருந்தால் ஜாரிங், அதாவது நிழல் வலை, கட்டியே தீர வேண்டும். நம் நர்சரிகளில் கன்றுக்கு மேலே கட்டுவோமே, அதேதான். பாதி வெளிச்சம் விடும் ரகம் எடுக்க வேண்டும். அதைவிட அடர்த்தியாக எடுத்தால் செடி பிழைக்கும், பூக்காது. ஜாரிங் செடியைத் தொட்டுக்கொண்டு தொங்கக் கூடாது. நடுவில் காற்று போக இடம் விட்டுக் கட்ட வேண்டும். தொட்டியை டைல்ஸ் தரையில் நேராக வைக்காமல், செங்கல் அல்லது மரப்பலகை மேல் ஏற்றி வைக்க வேண்டும். தரை ராத்திரி வரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். சுவரும் அப்படித்தான், ஒரு சாண் தள்ளியே வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், ஏர்கான் வெளிப்பெட்டி ஊதும் திசையில் எந்தச் செடியும் இருக்கக் கூடாது. அந்தக் காற்று பட்டால் ஒரே நாளில் இலை மொறுமொறுவென்று ஆகிவிடும். பால்கனிச் செடிகள் சாவதற்கு இந்த ஒரு காரணமே போதும், ஆனால் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

தொட்டிகளைத் தள்ளித் தள்ளி அழகாக வைக்காமல் ஒன்றாக நெருக்கி வைக்கச் சொல்லுங்கள். உயரமான காகிதப்பூவும் அரளியும் மேற்கு ஓரத்தில், அதன் நிழலில் மல்லிகை, அதற்கும் உள்ளே குட்டிச் செடிகள். ஒன்று விடும் ஈரம் மற்றதற்கு உதவும், ஒன்றின் நிழல் மற்றதன் தொட்டியில் விழும். அல் ஐனில் இருக்கும் பேரீச்சஞ்சோலைக்கு மகள் போயிருப்பாள். 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடங்களில் அதுவும் ஒன்று. மேலே பேரீச்சை, அதன் நிழலில் பழமரங்கள், அதற்கும் கீழே தீவனப் பயிர், நடுவில் ஃபலாஜ் என்ற பழைய பாசன வாய்க்காலில் தண்ணீர். வெளியே ரோட்டில் நிற்க முடியாத மதியத்திலும் உள்ளே நடக்கலாம். அந்த அடுக்கு முறையைத்தான் பால்கனியிலும் செய்யச் சொல்கிறேன்.

மண்ணுக்கு மூடாக்கு போடுவது இங்கே நமக்குத் தெரிந்த விஷயம்தான். செம்பனை நர்சரியில் பெரிய பாலிபேக்கின் மேல்மண்ணில் கொட்டை ஓட்டைப் பரப்பி வைப்போம் அல்லவா? மழை அடித்து மண் தெறிக்காமலும், களை முளைக்காமலும், ஈரம் போகாமலும் அது பார்த்துக்கொள்ளும். அங்கே அந்த ஓடு கிடைக்காது. தென்னை நார்த் துண்டு, மரப்பட்டை, காய்ந்த பேரீச்சை ஓலையை நறுக்கியது, எதுவானாலும் இரண்டு அங்குலக் கனத்துக்குப் போடலாம். தண்டை ஒட்டி மட்டும் போடாமல் விரலளவு இடம் விடணும். அழகுக்காகக் கருங்கல் போடுவார்கள். அது கோடையில் வேண்டவே வேண்டாம்.

மண் கலவையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தென்னை நார்த்தூள் பாதி, மக்கிய உரம் கால், பெர்லைட்டோ கழுவிய கரடுமணலோ கால். நார்த்தூளை வாங்கியதும் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், உப்பு இருக்கும். பாலைவன மணலை அள்ளிப் போட வேண்டாம். அதில் சுண்ணாம்பு அதிகம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். அங்கே கோடையில் குழாயைத் திறந்தால் கை சுடும். மொட்டை மாடித் தொட்டியில் நாள் முழுக்கக் காய்ந்த தண்ணீர் அது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தத் தண்ணீரை ஹோஸ் பைப்பில் பிடித்துச் செடிக்கு விட்டால் வெந்நீர் ஊற்றியதுதான். ராத்திரியே இரண்டு வாளி பிடித்து வீட்டுக்குள் ஏர்கான் அறையில் வைத்துவிட வேண்டும். விடிவதற்கு முன், அல்லது சூரியன் எட்டிப் பார்க்கும் நேரத்தில் அந்தத் தண்ணீரை ஊற்ற வேண்டும். அடியில் உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் ஓடி வரும் வரை நிதானமாக ஊற்றணும். தட்டில் தேங்கியதை அரை மணி நேரத்தில் கொட்டிவிடணும். ஆழமாக ஒரு தடவை ஊற்றுவது, மேலாக இரண்டு தடவை தெளிப்பதைவிட நல்லது. மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே வரும், மேலேதான் சூடு அதிகம். பெரிய தொட்டிக்கு ஜூலையில் தினம் ஒரு தடவை போதும். சாயங்காலம் விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் இன்னொரு தடவை.

ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். நார்த்தூள் கலந்த மண் ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகி நிற்கும். அந்தச் சந்தில் பென்சில் நுழையும். அப்போது மேலே ஊற்றும் தண்ணீர் சந்து வழியாக நேராக அடியில் ஓடிவிடும். தட்டு நிறைந்திருக்கும், நடுமண் தூள் மாதிரிக் காய்ந்தே இருக்கும். தொட்டியைத் தூக்கினால் லேசாக இருப்பதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அப்படிப்பட்ட தொட்டியை ஒரு பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி உட்கார வைத்து, குமிழி வருவது நிற்கும் வரை ஊற விட வேண்டும்.

உப்பு அடுத்த தொல்லை. குழாய்த் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது, அதில் உப்பு குறைவுதான். கிணற்றுத் தண்ணீர் விடும் வில்லா வீடுகளில்தான் பிரச்சினை பெரிது. ஆனாலும் தண்ணீர் வேகமாக ஆவியாகும் ஊரில் உரத்தின் உப்பும் சேர்ந்து மண்ணில் தங்கிக்கொண்டே போகும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருப்பதும், இலை நுனி பழுப்பாகக் காய்வதும் அதன் அடையாளம். நம் ஊரில் மழையே கழுவிவிடுவதால் இதைப் பற்றி நாம் யோசித்ததே இல்லை. அங்கே மாதம் ஒரு தடவை நாம்தான் கழுவ வேண்டும். தொட்டியின் கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு தண்ணீரை, விடியற்காலையில், நிறுத்தி நிறுத்தி ஊற்றி வடிய விட வேண்டும். ஏர்கான் குழாயில் சொட்டும் தண்ணீர் இதற்கு ரொம்ப உசத்தி. அதில் உப்பே கிடையாது. துபாய் மாதிரிக் கடலோர ஊர்களில் காற்று ஈரமாக இருப்பதால் நிறையக் கிடைக்கும், அல் ஐனில் கொஞ்சம் குறைவு. இருந்தாலும் வாளி வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பாஜா, அதாவது உரம் பற்றி நம் ஆட்களுக்கு ஒரு எண்ணம் உண்டு. பூக்கவில்லை என்றால் ஒரு கைப்பிடி போட்டுவிடுவது. பாலைவனக் கோடையில் இது செடியைக் கொன்றுவிடும். மெதுவாகக் கரையும் உருண்டை உரம் கூட மண் சூட்டுக்குத் தகுந்தபடிதான் கரையும். பையில் 6 மாதம் என்று போட்டிருப்பது நம் ஊர் மண்ணைவிடக் குளிர்ந்த மண்ணுக்குச் சொன்ன கணக்கு. அங்கே அது வெகு சீக்கிரம் கரைந்து வேரைச் சுட்டுவிடும். மே மாதத்துக்கு மேல் உருண்டை உரம் வேண்டாம். தண்ணீரில் கரைக்கும் உரத்தைப் பாதி அளவுக்கும் கீழே நீர்த்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஈர மண்ணில் மட்டும் கொடுக்கலாம். ஜூலை, ஆகஸ்டில் அதையும் நிறுத்திவிட்டால் நஷ்டமில்லை.

சரி, எந்தச் செடி? இங்கே கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் பெட்டூனியாவை எத்தனை பேர் ஆசையாக வாங்கிப்போகிறார்கள், எத்தனை வாரம் தாங்குகிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். மலைக்குளிரில் வளர்ந்தது கீழே வந்ததும் கொடி மாதிரி நீண்டு வெளுத்துப்போகும். அல் ஐனில் அது குளிர்காலச் செடி. நவம்பரில் நட்டு ஏப்ரல் வரை அனுபவிக்கலாம், அதற்கு மேல் அதோடு மல்லுக்கட்டுவது வீண். கோடிக்கணக்கில் பூ வைத்து 2013இல் திறந்த துபாய் மிராக்கிள் கார்டனையே கோடைக்கு மூடித்தான் விடுகிறார்கள். அவ்வளவு ஆளும் பைப்பும் இருக்கிற இடத்திலேயே முடியாததை ஒரு பால்கனியில் செய்ய முடியவில்லையே என்று உங்கள் மகள் வருத்தப்பட வேண்டாம்.

கோடைக்கு என் முதல் தேர்வு நித்தியகல்யாணி. மடகாஸ்கர் தீவிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய செடி, சூடு அதற்குச் சுகம். நம் ஊரில் அடைமழையில் அடித்தண்டு அழுகிச் சாகும். மழையில்லாத பாலைவனத்தில் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். மேலிருந்து தெளிக்காமல் மண்ணில் மட்டும் ஊற்றினால் ஜூலையிலும் பூக்கும். வாடிய பூவைக் கிள்ள வேண்டிய வேலையும் இல்லை, தானாக உதிர்ந்துவிடும். அடுத்தது பத்துமணிப் பூ. இலையிலேயே தண்ணீர் சேர்த்துவைக்கும் செடி, நல்ல வெயில் வேண்டும். அதற்கு ஜாரிங்கே தேவையில்லை, பால்கனியில் அதிக வெயில் விழும் விளிம்பை அதற்குக் கொடுக்கலாம்.

அடீனியத்தைப் பாலைவன ரோஜா என்பார்கள். அரேபியத் தீபகற்பத்தின் தெற்குப் பகுதி அதன் சொந்த மண். இங்கே மழைக்காலத்தில் அதன் பருத்த அடிமரம் அழுகாமல் காப்பாற்ற நாம் படுகிற பாடு அங்கே கிடையாது. மண் காய்ந்தபின் ஒரு தடவை நன்றாக ஊற்றினால் போதும். மறதி உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல செடி நான் பார்த்ததில்லை. அரளியும் அந்த வெயிலுக்கு அசையாது. ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம், அடீனியத்தின் பாலும் அப்படித்தான். பேரப்பிள்ளைகள் தவழும் வீடாக இருந்தால் இரண்டையும் எட்டாத இடத்தில் வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

காகிதப்பூவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் அது பூக்கவில்லை என்றால் சில நாள் தண்ணீரை நிறுத்தி இலை துவள விடுவோம், உடனே கலர் காட்டும். அந்த வித்தையை அல் ஐன் கோடையில் தொட்டிச் செடியிடம் காட்டக் கூடாது. பெரிய வேர் பிடித்துத் தரையில் நிற்கும் செடி தாங்கும், தொட்டிச் செடி கருகிவிடும். மேலும் அது பகல் குறுகும்போது அதிகம் பூக்கும் இனம். ஜூனில் அங்கே பகல் 13.5 மணி நேரத்துக்குப் பக்கம் போகும். அதனால் கோடையில் கொஞ்சமாகப் பூத்து, அக்டோபரிலிருந்து அள்ளிக் கொட்டும். அதுவரை பொறுமை.

செம்பருத்தி கோடையில் மொட்டை உதிர்க்கும். மதிய நிழல் கொடுத்து உயிரோடு வைத்திருந்தால் போதும், செப்டம்பர் கடைசியில் திரும்பப் பூக்கும். நம் ஊர் இட்லிப்பூவை அங்கே வைத்துப் போராட வேண்டாம் என்பேன். சுண்ணாம்பு மண்ணிலும் தண்ணீரிலும் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். கனகாம்பரத்துக்கு ஈரக்காற்று வேண்டும், வீட்டுக்கு உள்ளே வெளிச்சமான ஜன்னல் ஓரத்தில் வேண்டுமானால் முயலலாம்.

மல்லிகை பச்சையாக நிற்கிறது என்றீர்கள். நல்ல செய்தி, வேர் உயிரோடு இருக்கிறது. சூட்டை விரும்பும் செடி அது, கோடைதான் அதற்குப் பூக்காலம். பூக்காததற்கு இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டும். கருகிவிடுமோ என்று பயந்து முழு நிழலில் வைத்திருக்கலாம், அல்லது தழைச்சத்து உரம் அதிகம் போயிருக்கலாம். காலை வெயில் நாலு மணி நேரமாவது படும் இடத்துக்கு, ஒரே நாளில் மாற்றாமல், வாரத்துக்குக் கொஞ்சமாக நகர்த்தச் சொல்லுங்கள். புதுத் தளிரின் நுனியில்தான் மல்லிகை மொட்டு வைக்கும். அதனால் ஒவ்வொரு கிளையிலும் நுனியிலிருந்து இரண்டு ஜோடி இலை அளவுக்குக் கிள்ளிவிட வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. இலை மூடியிருந்த தண்டில் திடீரென்று அந்த வெயில் விழுந்தால் பட்டை வெந்து வெடிக்கும். கிள்ளியபின் சில வாரத்தில் பக்கத் தளிர் வரும், அதோடு மொட்டும் வரும். மொட்டு கடுகளவு இருக்கும்போது ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் பழுப்பாகிக் கொட்டும், அந்த வாரங்களில் மட்டும் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும்.

பூச்சியில் அங்கே எதிரி வேறு. நமக்கு நத்தையும் பூஞ்சணமும், அவர்களுக்குச் செஞ்சிலந்தி. வறண்ட சூட்டில் மளமளவென்று பெருகும். இலையில் ஊசியால் குத்தியது போல வெள்ளைப் புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை. வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டினால் புள்ளிகள் நகரும். வாரம் இரண்டு தடவை அதிகாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஷமால் என்ற வடமேற்குக் காற்றடித்துத் தூசி படிந்த நாட்களிலும் இதே குளியல் நல்லது. நித்தியகல்யாணிக்கு மட்டும் இந்தக் குளியலைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

காலக்கணக்கை நம் நாள்களை வைத்தே மகள் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். தீபாவளி வாக்கில் நடவு, தொட்டி மாற்றுவது, பெரிய கவாத்து. தைப்பூசம் சமயம் உச்சப் பூக்காலம். சித்திரைப் புத்தாண்டு முடிந்ததும் ஜாரிங் கட்டி, மூடாக்கு போட்டு, குளிர்காலச் செடிகளை எடுத்துவிட்டு நித்தியகல்யாணியையும் பத்துமணியையும் நட்டுவிட வேண்டும், ஏனென்றால் ஜூனுக்குள் வேர் பிடித்திருக்கணும். ஆடி மாதம் முழுக்கத் தண்ணீர் ஊற்றுவது தவிர எதையும் தொடக் கூடாது. புதுச் செடி வாங்குவதும் கூடாது.

கடைசியாக, பள்ளி விடுமுறைக்கு ஜூலை, ஆகஸ்டில் மகள் குடும்பம் இங்கே வந்துவிடும் என்றால் அதற்கும் ஏற்பாடு வேண்டும். எல்லாத் தொட்டியையும் அதிக நிழல் உள்ள மூலைக்கு நெருக்கி வைத்து, பேட்டரி டைமர் வைத்த சொட்டு நீர்க் குழாய் போட்டுவிடலாம். விடியற்காலை நாலு மணிக்கு ஓடும்படி வைக்க வேண்டும். பகலில் ஓடினால் கருப்புக் குழாயில் காய்ந்து கிடந்த தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வேரில் இறங்கும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே போட்டு, ஒவ்வொரு தொட்டியையும் தூக்கிப் பார்த்து, எதற்குத் தண்ணீர் போதவில்லை என்று சரிசெய்துகொள்ள வேண்டும். பேட்டரி புதுசாகப் போடணும். பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஆள் இருந்தால் வாரம் ஒரு தடவை வந்து சொட்டுவாய் அடைத்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லலாம். துவண்டிருக்கிறதே என்று அவர் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றிவிடாமல் இருக்க, டைமர் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.